பழைய யுனிக்ஸ் நிரலில் காணாமற்போகும் செயற்கூறுகள்: எதைத் தேடுவது, எதை எழுதுவது

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். 1980களின் பிற்பகுதியில் 4.3 பிஎஸ்டி என்ற யுனிக்ஸ் அமைப்புக்காக சி மொழியில் எழுதப்பட்ட, முனையத்தின் முழுத் திரையையும் பயன்படுத்தும் நிரல் ஒன்றை இன்றைய லினக்ஸில் இயக்க வேண்டும். மூலநிரலை இயந்திர மொழியாக்கும் கம்பைலர் ஒருபுறம் அறிவிக்கப்படாத செயற்கூறுகள் என்றும், அந்தத் துண்டுகளை நூலகங்களோடு இணைக்கும் லிங்கர் மறுபுறம் வரையறை கிடைக்கவில்லை என்றும் பிழைகளைக் கொட்டுகின்றன. விடுபட்ட செயற்கூறுகள் அனைத்தையும் ஒருசேரத் தரும் நூலகம் ஏதேனும் இருக்கிறதா, அல்லது எல்லாவற்றையும் நாமே எழுதிச் சேர்க்க வேண்டுமா?

அப்படி ஒரே நூலகம் கிடையாது. ஆனால் நீங்களே எழுத வேண்டியவையும் நீங்கள் அஞ்சும் அளவுக்கு இல்லை. அந்தப் பிழைப் பட்டியலில் இருக்கும் பெயர்களில் பெரும்பகுதி இன்றும் உங்கள் கணினியிலேயே இருக்கிறது. சில, செயற்கூறுகளை அறிவிக்கும் ஹெடர் கோப்பைச் சேர்க்காததால் கம்பைலரின் கண்ணில் படவில்லை. சில, வேறு நூலகத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டன. சில, அதே வேலையை வேறு பெயரில் செய்கின்றன. உண்மையிலேயே மறைந்துபோனவை இவை போக எஞ்சும் சிறு தொகுதிதான். எனினும் இந்தப் பட்டியலில் வராத இன்னொரு வகையும் உண்டு: பெயர் அப்படியே இருக்க, நடத்தை மட்டும் மாறிப்போன செயற்கூறுகள். நிரலைப் பெயர்ப்பவர் அதிக நேரம் செலவிட வேண்டியது அவற்றின்மீதுதான் என்பது என் கருத்து.

முதலில் கம்பைலரின் பிழைகளையும் லிங்கரின் பிழைகளையும் பிரித்துப் பார்க்க வேண்டும். சி மொழியின் பழைய வழக்கப்படி, முன்னறிவிப்பு இல்லாத செயற்கூறு ஒன்றை அழைத்தால், அது முழுஎண் ஒன்றைத் திருப்பித் தரும் என்று கம்பைலர் தானாகவே எடுத்துக்கொள்ளும். 1999ஆம் ஆண்டின் சி தரநிலை இந்த அனுமானத்தை நீக்கிவிட்டபோதிலும், கம்பைலர்கள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அதை எச்சரிக்கையோடு அனுமதித்து வந்தன. 2023இல் வெளிவந்த கிளாங் 16, 2024இல் வெளிவந்த ஜிசிசி 14 ஆகிய கம்பைலர்கள் அதை முழுப் பிழையாக்கிவிட்டன. நேற்றுவரை தொகுக்கப்பட்ட நிரல் இன்று திடீரென்று தொகுக்கப்படாமல் போவதற்கு நூலகத்திலிருந்து எதுவும் நீக்கப்பட்டது காரணமாக இருக்க வேண்டியதில்லை; கம்பைலரின் கண்டிப்பு கூடியதே போதும்.

இந்தக் கண்டிப்பு வெறும் சம்பிரதாயம் அன்று. 64 பிட் கணினியில் பாயிண்டர், அதாவது நினைவக முகவரி, 8 பைட் நீளம் கொண்டது, முழுஎண்ணோ 4 பைட். பயனர் விவரத்தைத் தரும் கெட்பிடபிள்யூநேம், நேரத்தை எழுத்துச் சரமாக்கும் சிடைம் போன்றவை பாயிண்டரைத் திருப்பித் தருபவை. அவற்றுக்குரிய ஹெடர் கோப்பு சேர்க்கப்படவில்லை என்றால், திரும்பிவரும் முகவரியின் மேல்பாதி வெட்டப்பட்டு, நிரல் எங்கோ ஓரிடத்தில் நினைவகப் பிழையோடு விழும். பழைய 32 பிட் கணினிகளில் முழுஎண்ணும் பாயிண்டரும் ஒரே நீளம் என்பதால் இந்தக் கவனக்குறைவு அப்போது யாருக்கும் உறுத்தவில்லை.

ஆகையால் நான் பரிந்துரைக்கும் முதல் படி, ஒரேயொரு முறை, ஜிஎன்யு89 என்ற பழைய மொழி வகையைத் தேர்ந்தெடுத்து நிரலைத் தொகுத்துப் பார்ப்பதுதான். அந்த வகையில் அறிவிப்பில்லாத அழைப்புகள் எச்சரிக்கைகளாகத் தணிந்துவிடுவதால் வேலை லிங்கர் வரை போய்ச் சேரும். லிங்கர் தரும் பட்டியலே உண்மையில் எவை இல்லை என்பதைச் சொல்லும். அந்தப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டபின், அந்தத் தளர்வை நீக்கிவிட்டு, அறிவிப்பில்லாத ஒவ்வொரு பெயருக்கும் உரிய ஹெடர் கோப்பைச் சேருங்கள். தளர்வை நிரந்தரமாக வைத்துக்கொள்பவர்கள், மேலே சொன்ன வெட்டுப்பட்ட பாயிண்டர்களைப் பின்னர் ஒவ்வொன்றாகத் தேடிப்பிடிக்க நேரும். ஆனால் மொழி வகையைக் குறிப்பிடாமலே விடுவதும் சரியன்று: 2025இல் வந்த ஜிசிசி 15 இயல்பாகவே சி23 தரநிலையைப் பின்பற்றுகிறது, அதில் வெற்று அடைப்புக்குறி என்பது மதிப்பு எதையும் ஏற்காத செயற்கூறு என்றே பொருள்படும் என்பதால், பழைய பாணி அறிவிப்புகள் வேறு வகையில் மோதும்.

ஹெடர் கோப்பைச் சேர்த்த பிறகும் பெயர் தெரியவில்லை என்றால், அது மறைக்கப்பட்டிருக்கக்கூடும். சி99 என்ற கண்டிப்பான வகையைக் கேட்டால், லினக்ஸில் பரவலான சி நூலகமான ஜிலிப்சியின் ஹெடர்கள் சி தரநிலையில் உள்ளவற்றை மட்டுமே காட்டும்; ஸ்டர்டப், ஃபைல்நோ, பிஓப்பன் போன்று, யுனிக்ஸ் வகை அமைப்புகளுக்கான போசிக்ஸ் தரநிலைக்கு உரியவை திரைக்குப் பின்னால் போய்விடும். இதற்கு மருந்து, எல்லா ஹெடர்களுக்கும் முன்பாக உரிய மேக்ரோவை, அதாவது கம்பைலருக்கான பெயர்க் குறியீட்டை, வரையறுப்பது. பிஎஸ்டி மரபில் வந்த நிரலுக்குப் பெரும்பாலும் _டிஃபால்ட்_சோர்ஸ் என்பதே பொருந்தும். தொகுக்கும் ஆணைகளைக் கொண்ட பழைய மேக்ஃபைல்களில் காணப்படும் _பிஎஸ்டி_சோர்ஸ் ஜிலிப்சி 2.20 முதல் கைவிடப்பட்டதாக அறிவிக்கப்பட்டு, வரையறுத்தால் எச்சரிக்கை தருகிறது. நிரலின் நடுவில், சில ஹெடர்களைச் சேர்த்த பிறகு இந்த மேக்ரோவை எழுதிப் பயனில்லை. முதல் ஹெடர் கோப்பு வாசிக்கப்படும்போதே முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது.

இனி லிங்கரின் பட்டியல். திரையைக் கையாளும் நிரல் என்பதால் டிஜிடென்ட், டிபுட்ஸ் போன்ற பெயர்கள் கட்டாயம் இருக்கும். முனைய வகைகளின் திறன்களைச் சொல்லும் பழைய டெர்ம்கேப் நூலகத்தின் இந்தச் செயற்கூறுகளை இன்று என்கர்சஸ் தருகிறது. சில லினக்ஸ் விநியோகங்களில் அவை டின்ஃபோ என்ற தனி நூலகமாகப் பிரிக்கப்பட்டிருக்கும் என்பதால் இரண்டையும் குறிப்பிட வேண்டிவரலாம். கடவுச்சொல்லைச் சுருட்டும் கிரிப்ட் இப்போது தனி நூலகத்தில் இருக்கிறது. சன் நிறுவனத்தின் தொலை அழைப்பு முறை, அதாவது ஆர்பிசி, 2020இல் வந்த ஜிலிப்சி 2.32இல் நீக்கப்பட்டது; டிர்பிசி நூலகத்தை நிறுவி, அதன் ஹெடர்கள் இருக்கும் தனி அடைவையும் கம்பைலருக்குக் காட்ட வேண்டும். இவற்றையெல்லாம் சேர்த்தபின்னும் பிழை நீடித்தால், நூலகங்களின் பெயர்கள் ஆணை வரியில் கம்பைலர் ஆக்கிய ஆப்ஜெக்ட் கோப்புகளுக்குப் பின்னால் வருகின்றனவா என்று பாருங்கள். லிங்கர் இடமிருந்து வலமாகப் படித்துச் செல்வதால், தேவை எழுவதற்கு முன்பே நூலகத்தைக் கொடுத்தால் அதை ஒதுக்கிவிட்டுப் போய்விடக்கூடும். பழைய மேக்ஃபைல்களில் இந்த வரிசை தாறுமாறாக இருப்பது சாதாரணம்.

அடுத்து, பெயர் மாறியவை. நினைவகத்தையும் சரங்களையும் கையாள பிஎஸ்டி நிரல்களில் எங்கும் நிறைந்திருக்கும் பிகாப்பி, பிஜீரோ, பிகம்ப், இண்டெக்ஸ், ஆர்இண்டெக்ஸ் ஆகிய ஐந்தும் போசிக்ஸின் 2008ஆம் ஆண்டுப் பதிப்பில் நீக்கப்பட்டன. ஜிலிப்சியில் அவை இன்னும் இருக்கின்றன, ஸ்டிரிங்ஸ்.எச் கோப்பைச் சேர்த்தால் போதும். இருப்பினும் மாற்றி எழுத விரும்பினால் ஒரு கண்ணியைக் கவனிக்க வேண்டும்: பிகாப்பி முதலில் மூலத்தையும் பிறகு இலக்கையும் வாங்குகிறது, மெம்காப்பியும் மெம்மூவும் முதலில் இலக்கை வாங்குகின்றன. தேடி மாற்றும் கருவியால் பெயரை மட்டும் மாற்றிவிட்டால், நிரல் ஒரு முணுமுணுப்பும் இன்றித் தொகுக்கப்பட்டுத் தரவைத் தலைகீழாக நகலெடுக்கும். மேலும், மூலமும் இலக்கும் ஒன்றன்மீது ஒன்று படிந்திருந்தாலும் பிகாப்பி சரியாக வேலை செய்யும் என்பதால், அதற்கு ஈடு மெம்மூவ்தான். மெம்காப்பி அந்த உறுதியைத் தருவதில்லை. திரையின் வரிகளை மேலே நகர்த்தும் இடங்களில் இந்த வேறுபாடு உடனே வெளிப்படும்.

இதே வகையில், நடப்பு அடைவைத் தரும் கெட்டபிள்யூடி என்பதற்குப் பதில் கெட்சிடபிள்யூடி, தற்காலிகக் கோப்புக்குப் பெயர் ஆக்கும் எம்கேடெம்ப் என்பதற்குப் பதில் எம்கேஎஸ்டெம்ப் என்று மாற்றிச் செல்லலாம். எம்கேடெம்ப் இன்றும் இணைக்கப்படும், லிங்கர் எச்சரிக்கையோடு. ஆனால் அது தனக்குத் தரப்பட்ட வார்ப்புருச் சரத்தையே திருத்தி எழுதுவது. பழைய நிரல்கள் அந்த வார்ப்புருவை நேரடி எழுத்துச் சரமாகக் கொடுத்திருக்கும். அன்று அத்தகைய சரங்கள் எழுதக்கூடிய நினைவகத்தில் இருந்தன. இன்று படிக்க மட்டும் கூடிய பகுதியில் இருக்கின்றன. அவற்றை எழுதக்கூடியவையாக வைத்திருக்க ஜிசிசியில் இருந்த விருப்பத்தேர்வும் 4.0 பதிப்பில் எடுக்கப்பட்டுவிட்டது. எனவே எம்கேஎஸ்டெம்பாக மாற்றினாலும், வார்ப்புருவை ஒரு எழுத்து அணியில் வைக்காதவரை நிரல் விழத்தான் செய்யும்.

கெட்ஸ் தனியாகப் பேச வேண்டியது. எவ்வளவு இடம் இருக்கிறது என்று கேட்காமலே ஒரு முழு வரியை வாசித்து நிரப்பும் இந்தச் செயற்கூறு, 1988இல் இணையத்தில் பரவிய மாரிஸ் புழு, பயனர் விவரம் சொல்லும் ஃபிங்கர் சேவை வழியாக உள்ளே நுழைய வழிகொடுத்தது. கடைசியில் 2011ஆம் ஆண்டின் சி தரநிலையிலிருந்தே நீக்கப்பட்டது. அறிவிப்பு மட்டும் மறைந்துள்ளது என்று கண்டு, நீங்களே அறிவித்துக்கொண்டு பயன்படுத்திவிட முடியும், தயவுசெய்து செய்யாதீர்கள். எஃப்கெட்ஸுக்கு மாறும்போது, அது வரியின் இறுதியில் உள்ள புதுவரிக் குறியையும் சேர்த்தே தரும் என்பதால், அதை அகற்றும் வரி ஒன்றையும் எழுத வேண்டும். அதை மறந்தால் கட்டளைப் பெயர்களை ஒப்பிடும் இடங்களெல்லாம் தோற்கும், அதுவும் வெளியில் காரணம் தெரியாமல்.

உண்மையிலேயே மறைந்தவற்றுக்கு வருவோம். பிழை எண்ணை வைத்துச் செய்தியை எடுக்கும் சிஸ்_எர்லிஸ்ட் என்ற அணி, ஜிலிப்சி 2.32 முதல் புதிதாக இணைக்கப்படும் நிரல்களுக்குக் கிடைக்காது. ஸ்டர்எரர் அதன் இடத்தைப் பிடிக்கிறது. அதன் அருகிலேயே, பிழை எண்ணை வைத்திருக்கும் எர்நோ என்பதை வெளிப்புற முழுஎண்ணாகத் தானே அறிவித்திருக்கும் வரியும் இருக்கும். எர்நோ இன்று ஒவ்வொரு இழைக்கும் தனித்தனியே இருக்கும் மதிப்பு. அந்த வரியை நீக்கி எர்நோ.எச் கோப்பைச் சேர்க்காவிட்டால், இணைப்பின்போது டிஎல்எஸ் (இழைக்குரிய தனிச் சேமிப்பு) பொருந்தவில்லை என்று தொடங்கும், முதல்முறை பார்ப்பவருக்கு ஒன்றும் விளங்காத பிழை வரும். மாறும் எண்ணிக்கையிலான மதிப்புகளை வாங்க உதவிய வேரார்க்ஸ்.எச் கோப்பு ஜிசிசி 3.3 முதல் செயல்படுவதில்லை, ஸ்டிடிஆர்க்.எச் முறைக்கு மாற்றி எழுத வேண்டும். மாறும் எண்ணிக்கையிலான மதிப்புகளை அச்சிட _டூபிரின்ட் என்ற உள் செயற்கூறை நேரடியாக அழைத்திருந்தால், விஎஃப்பிரின்ட்எஃப் அதற்குரிய மாற்று. அடைவுகளை வாசிக்கும் பகுதியில் ஸ்ட்ரக்ட் டைரக்ட் என்றிருப்பது ஸ்ட்ரக்ட் டைரென்ட் ஆக வேண்டும். லினக்ஸில் அதன் உள்ளே பெயரின் நீளத்தைத் தரும் உறுப்பு இல்லாததால், நீளத்தைத் தனியே கணக்கிட வேண்டும்.

உங்கள் நிரலில் அதிக உழைப்பைக் கேட்கப்போவது முனையக் கட்டுப்பாடு. எஸ்ஜிடிடிஒய்.எச் கோப்பும் அதனுடன் வந்த எஸ்ஜிடிடிஒய்பி கட்டமைப்பும் போசிக்ஸின் டெர்மியோஸ் இடைமுகத்துக்கு வழிவிட்டுவிட்டன. இங்கே பெயருக்குப் பெயர் மாற்று கிடையாது. பழைய முறையில், எழுத்துகளை ஒவ்வொன்றாக உடனே பெற சிபிரேக் என்ற ஒற்றைக் கொடியை ஏற்றினால் போதும். டெர்மியோஸில், வரி வரியாக வாசிக்கவைக்கும் ஐகேனன் கொடியை இறக்கி, குறைந்தபட்ச எழுத்து எண்ணிக்கையை 1 என்றும், காத்திருப்பு நேரத்தை 0 என்றும் வைக்க வேண்டும். தட்டியதைத் திரையில் காட்டும் எக்கோ தனிக் கொடி. எந்த எழுத்தையும் செயலாக்காத ரா என்ற பழைய நிலைக்கு ஏறத்தாழச் சமமானதை சிஎஃப்மேக்ரா ஒரே அழைப்பில் செய்துவிடும். இதற்காகப் பழைய இடைமுகத்தின் பெயரிலேயே ஒரு போலிச் செயற்கூறு எழுதி, உள்ளே டெர்மியோஸை அழைக்கலாம் என்று தோன்றும். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். பழைய கொடிகள் ஒவ்வொன்றும் புதியவற்றின் பல கொடிகளாகச் சிதறுவதால், போலி இடைமுகம் பாதி உண்மையையே சொல்லும். முனைய நிலையைச் சேமிப்பது, மாற்றுவது, மீட்பது என்ற மூன்று செயற்கூறுகளை ஒரு தனிக் கோப்பில் புதிதாக எழுதி, நிரலில் முனையத்தைத் தொடும் இடங்களையெல்லாம் அவற்றின் வழியாகவே போகச் செய்வது நேரத்தை மிச்சப்படுத்தும்.

இன்னொரு கெட்ட பழக்கத்தையும் அங்கே காண்பீர்கள். விசைப்பலகையில் எழுத்து காத்திருக்கிறதா என்று அறிய, ஃபைல் கட்டமைப்பின் உள்ளே கையைவிட்டு _சிஎன்டி உறுப்பைப் படிப்பது அக்கால வழக்கம். ஜிலிப்சியில் அந்தப் பெயரில் உறுப்பே இல்லை. ஃபைலைப் பயன்படுத்தும் ஸ்டிடிஐஓ இடைமுகத்தை ஒதுக்கி, போல் அல்லது செலெக்ட் வழியாக கோப்பு விவரிப்பானையே (திறந்த கோப்பின் எண்) கேட்டு, ரீட் கொண்டு வாசிக்குமாறு அந்தப் பகுதியை மாற்றுங்கள். ஃபைல் வழியாகவும் ரீட் வழியாகவும் கலந்து வாசித்தால் இடையகத்தில் தேங்கிய எழுத்துகள் போலுக்குத் தெரியாமல் போகும்.

இப்போது, எந்தப் பிழைப் பட்டியலிலும் வராதவை. 4.3 பிஎஸ்டியில் எஸ்பிரின்ட்எஃப், தான் நிரப்பிய சரத்தின் பாயிண்டரைத் திருப்பித் தந்தது. சி தரநிலையில் அது எழுதப்பட்ட எழுத்துகளின் எண்ணிக்கையைத் தருகிறது. திரும்பும் மதிப்பை அப்படியே வேறொரு செயற்கூறுக்குக் கொடுக்கும் பழைய வரிகள் உண்டு. சரியான ஹெடர்கள் சேர்க்கப்பட்டிருந்தால் கம்பைலர் கத்தும். எல்லாவற்றையும் தளர்த்தி வைத்திருந்தால், 12 என்ற எண்ணை முகவரியாக எடுத்துக்கொண்டு நிரல் விழும்.

கண்ட்ரோல்-சி போன்ற குறுக்கீடுகளுக்குக் கையாளியைப் பதிவுசெய்யும் சிக்னல் இன்னும் நுட்பமானது. பிஎஸ்டி மரபில் ஒருமுறை பதிவுசெய்த கையாளி நீடித்து நிற்கும், தடைப்பட்ட அமைப்பு அழைப்பும் மீண்டும் தொடரும். யுனிக்ஸின் மற்றொரு கிளையான சிஸ்டம் ஃபைவ் மரபில் கையாளி ஒருமுறை இயங்கியதும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஜிலிப்சி இயல்பாக பிஎஸ்டி நடத்தையைத் தருகிறது, ஆனால் அது _டிஃபால்ட்_சோர்ஸ் இருக்கும்வரைதான். சி99 என்ற கண்டிப்பான வகையில், வேறு மேக்ரோ எதுவும் இல்லாமல் தொகுத்தால், அதே மூலநிரல், அதே நூலகம், ஆனால் சிஸ்டம் ஃபைவ் நடத்தை. முதல் கண்ட்ரோல்-சி அழுத்தலைச் சரியாகக் கையாண்டு, இரண்டாவதில் செத்துப்போகும் நிரலுக்கு இது காரணமாக இருக்கலாம். சிக்ஆக்ஷன் வழியாக, வேண்டிய கொடிகளை வெளிப்படையாக எழுதிவிட்டால் தொகுக்கும் விதத்தைப் பொறுத்து நடத்தை மாறாது. சிக்வெக் போன்ற பழைய பிஎஸ்டி அழைப்புகளுக்கும் இதுவே மாற்று. செயல்முறைக் குழுவை அமைக்கும் செட்பிஜிஆர்பி பிஎஸ்டியில் இரண்டு மதிப்புகளை வாங்கியது, இப்போது எதையும் வாங்குவதில்லை. அதற்குரிய இடத்தில் செட்பிஜிஐடி எழுதினால் முடிந்தது.

சில வேளைகளில் சிக்கல் நேர்மாறாக இருக்கும்: செயற்கூறு இல்லாமல் போகாமல், புதிதாக வந்து மோதும். ஒரு வரியை வாசிக்க கெட்லைன் என்ற பெயரில் தாமே ஒன்றை எழுதிக்கொண்ட பழைய நிரல்கள் ஏராளம். போசிக்ஸ் 2008 அதே பெயரில் வேறு அமைப்புள்ள ஒன்றைச் சேர்த்துக்கொண்டதால், வகைகள் முரண்படுகின்றன என்ற பிழை எழுகிறது. நிரலில் உள்ளதன் பெயரை மாற்றுவதே நேர்வழி. அளவு வரம்போடு சரத்தை நகலெடுக்கும் ஸ்டர்எல்காப்பியின் கதையும் இத்தகையதே. 1998இல் ஓப்பன்பிஎஸ்டியில் தோன்றிய அதை ஜிலிப்சி கால் நூற்றாண்டு மறுத்துவிட்டு, 2023இல் 2.38 பதிப்பில் ஏற்றுக்கொண்டது. இடைப்பட்ட காலத்தில் எண்ணற்ற நிரல்கள் தம் சொந்தப் பிரதியைச் சுமந்துகொண்டு வந்தன. அவற்றில் ஸ்டாட்டிக் என்று அறிவித்தவை புதிய ஹெடரோடு மோதுகின்றன. லினக்ஸ் என்றால் இது இருக்காது என்று இயங்குதளத்தின் பெயரை வைத்து முடிவெடுத்த நிபந்தனைகளே இங்கே உடைபவை. செயற்கூறு இருக்கிறதா என்று கட்டமைப்பின்போது சோதித்தவை தப்பித்துக்கொண்டன. நீங்களும் அவ்வாறே சோதியுங்கள்.

அந்தச் சோதனையை ஆட்டோகான்ஃப் என்ற கருவி, அது உருவாக்கும் கான்ஃபிகர் கோப்பு வழியாகச் செய்துதரும். இல்லாதபோது மட்டும் மாற்றுக் கோப்பைச் சேர்க்கும் வசதியும் அதில் உண்டு. ஜிஎன்யுலிப் தொகுப்பிலிருந்து தேவையான மாற்றுகளை மூலநிரலாகவே எடுத்துச் சேர்க்கலாம். பிஎஸ்டியின் பிற்காலச் செயற்கூறுகளான எஃப்கெட்எல்என், கெட்ப்ரோக்நேம் போன்றவற்றுக்கு லிப்பிஎஸ்டி என்ற நூலகம் இருக்கிறது. நீங்கள் கேட்ட ஒருசேரத் தரும் நூலகத்துக்கு மிக நெருக்கமானது அதுவே, ஆனால் எஸ்ஜிடிடிஒய் காலத்துப் பழமைக்கு அது எட்டாது. நிரலோடு ஏற்கெனவே பழைய கான்ஃபிகர் கோப்பு வந்திருந்தால் ஓர் எச்சரிக்கை: அதன் சோதனை நிரல்களே வகை சொல்லாத மெயினையும், ஹெடர் இல்லாத எக்ஸிட் அழைப்பையும் கொண்டிருக்கும். புதிய கம்பைலர் அவற்றை மறுக்கும்போது, கான்ஃபிகர் அதைச் செயற்கூறு இல்லை என்று புரிந்துகொண்டு, ஒரு சொல்லும் சொல்லாமல் அந்த வசதியை அணைத்துவிட்டு மேலே போய்விடும். இருக்க வேண்டியது இல்லை என்று வந்தால், கான்ஃபிக்.லாக் கோப்பில் அந்தச் சோதனை ஏன் தோற்றது என்பதைப் படித்துப் பாருங்கள். ஆட்டோகான்ஃபின் புதிய பதிப்பால் கான்ஃபிகரை மறுபடி உருவாக்கினால் பெரும்பாலும் சரியாகும்.

நீங்களே எழுத வேண்டிவரும் சிலவற்றை, நிரலெங்கும் நிபந்தனைக் கட்டளைகளாகத் தூவாமல், ஒரே கோப்பில் வையுங்கள். ஒவ்வொன்றையும் எழுதும் முன், மூல அமைப்பின் கையேட்டுப் பக்கத்தைப் படியுங்கள்: பிழையின்போது என்ன திருப்பித் தருகிறது, நினைவகத்தை யார் விடுவிக்க வேண்டும், வெற்றுச் சரம் வந்தால் என்ன ஆகும் என்பவை நிரலின் வேறு பகுதிகள் நம்பியிருக்கும் உறுதிகள். எப்போதும் 0 என்று திருப்பித் தரும் வெற்றுச் செயற்கூறால் லிங்கரை வாயடைப்பது எளிது. கோப்பைப் பூட்டும் செயற்கூறை அப்படி எழுதியவர்களின் தரவு, இருவர் ஒரே நேரத்தில் எழுதும் நாளில்தான் கெடும்.

லினக்ஸ் என்றாலே ஜிலிப்சி என்று எண்ணிவிட வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆல்பைன் போன்ற விநியோகங்கள் மஸ்ல் என்ற வேறு சி நூலகத்தைப் பயன்படுத்துகின்றன. அதில் அடைவு மரத்தில் நடக்கும் எஃப்டிஎஸ், கட்டளை வரியைப் பகுக்கும் ஆர்க்பி, நினைவகத்தை அடுக்கடுக்காக ஒதுக்கும் ஆப்ஸ்டாக் ஆகியவை இல்லை, ஒவ்வொன்றுக்கும் தனி நூலகம் சேர்க்க வேண்டும். மஸ்ல் தன்னை அடையாளம் காட்டும் மேக்ரோ எதையும் வேண்டுமென்றே வரையறுப்பதில்லை என்பதால், அங்கே செயற்கூறுகளைச் சோதித்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியும் இல்லை. உங்கள் நிரல் ஜிலிப்சியில் ஓடத் தொடங்கியதும், முகவரிப் பிழைகளைக் காட்டும் சானிடைசரை இயக்கி ஒருமுறையும், மஸ்லில் ஒருமுறையும் தொகுத்து ஓட்டுங்கள். ஹெடர் விடுபட்ட இடங்களும், தலைகீழான பிகாப்பி மாற்றங்களில் சிலவும் அந்த இரண்டு ஓட்டங்களிலேயே அகப்படக்கூடும்.